ஒலியும் இழுவலையும்: கடலில் மீன் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கரைக்கு வந்த மீனை எடைபோட்டுவிடலாம். கடலுக்குள் நீந்திக்கொண்டிருக்கும் மீனை எடைபோட வழியில்லை. ஆனால் ஒரு கடற்பகுதியில் இவ்வாண்டு எத்தனை டன் பிடித்தால் இனப்பெருக்கத்துக்குப் போதிய மீன் மிஞ்சும் என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு, அங்கே இப்போது மொத்தம் எத்தனை டன் இருக்கிறது, அதில் குஞ்சு எவ்வளவு, சினைப் பருவத்தை எட்டியது எவ்வளவு என்பது தெரிந்தாக வேண்டும். எண்ண வேண்டிய உயிர்களோ கண்ணில் படுவதில்லை, ஓரிடத்தில் நிற்பதுமில்லை. இதற்காக மீன்வள ஆய்வாளர்கள் இரண்டு கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று சோனார், மற்றொன்று இழுவலை. நீருக்குள் அனுப்பிய ஒலி திரும்பி வரும்போது, கீழே ஏதோ இருக்கிறது, இத்தனை அடர்த்தியாக இருக்கிறது என்று சொல்லும். அது என்ன மீன், என்ன நீளம், என்ன வயது என்று சொல்லாது. வலை அதையெல்லாம் சொல்லும். ஆனால் வலை கடந்து செல்லும் பாதை கடலின் பரப்போடு ஒப்பிட்டால் ஒரு நூலிழை அளவுதான். இவ்விரண்டையும் இணைத்து ஓர் எண்ணிக்கைக்கு வந்து சேரும் முறையை, அது பல்லாண்டுகளாக ஒழுங்காக நடந்துவரும் பெரிங் கடலை வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மீன்பிடிக் கப்பல்கள் ஒவ்வொரு நாளும் எவ்வளவு பிடிக்கின்றன என்ற கணக்கு கையில் இருக்கும்போது, தனியாக ஓர் ஆய்வுக் கப்பலை அனுப்புவானேன்? காரணம் எளிது. மீன் பிடிப்பவர் மீன் இருக்கும் இடத்துக்குத்தான் போவார். கடலில் மீன் பாதியாகக் குறைந்தாலும், மிஞ்சியவை ஓரிடத்தில் திரண்டிருந்தால், அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் கப்பலின் வலை வழக்கம்போல் நிறைந்தே வரும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இருந்த காட் மீனுக்கு இதுதான் நேர்ந்தது. 1980களில் பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிப்பு விகிதம் நம்பிக்கை தருவதாகவே இருந்தது. ஆய்வு இழுவைகள் காட்டிய அளவு அதைவிடக் குறைவாக இருந்தது. இரண்டையும் கலந்து கணக்கிட்டதில், இருப்பு உள்ளதைவிட மிகுதியாக மதிப்பிடப்பட்டது. 1992 ஜூலை 2 அன்று அந்த மீன்பிடிப்பு முற்றாக நிறுத்தப்பட்டு, பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அத்தடை விலக 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே ஆய்வுக் கப்பல், மீன் இருக்கும் இடத்துக்கு மட்டுமல்லாமல் மீன் இல்லாத இடத்துக்கும் போகக் கடமைப்பட்டிருக்கிறது. வெறும் வலையாக வந்தாலும் அது பதிவு செய்யப்பட வேண்டிய ஓர் அளவீடே.

பெரிங் கடல் அலாஸ்காவுக்கும் ரஷ்யாவின் கிழக்குக் கரைக்கும் இடையில் இருக்கிறது. அதன் கிழக்குப் பகுதியில் அகன்ற, ஆழமற்ற ஒரு கண்டத்திட்டு பரவியிருக்கிறது. அங்கே காட் குடும்பத்தைச் சேர்ந்த பொல்லாக் என்ற மீன் பெருந்திரளாக வாழ்கிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் பிடிக்கப்படும் இந்த மீன்தான் உறைந்த மீன் துண்டுகளாகவும், நண்டுச் சுவையூட்டிய சூரிமி என்ற அரைத்த மீன் பண்டமாகவும் உலகெங்கும் கடைகளில் கிடைக்கிறது. இதன் இருப்பை அளப்பதற்காக அமெரிக்க அரசின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பான நோவாவைச் சேர்ந்த அலாஸ்கா மீன்வள அறிவியல் மையம், 1979 முதல் ஒலிவழி ஆய்வை நடத்தி வருகிறது. முதலில் மூன்றாண்டுக்கு ஒருமுறையும், பின்னர் பெரும்பாலும் ஈராண்டுக்கு ஒருமுறையும் கோடைக்காலத்தில் அது நடக்கிறது. 2005-இல் பணியில் சேர்ந்த ஆஸ்கார் டைசன் என்ற கப்பல் இப்போது அதைச் செய்கிறது.

ஒலி ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கடல்நீரின் இயல்பை நினைவில் கொண்டால் போதும். ஒளி சில பத்து மீட்டரிலேயே மங்கிவிடும். ரேடியோ அலை அதைவிட விரைவாக மடிந்துவிடும். ஒலி மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில், காற்றில் செல்வதைப்போல நான்கு மடங்குக்கும் மேலான விரைவில், வெகுதூரம் செல்லும். கப்பலின் அடிப்புறத்தில் பொருத்திய கருவி ஒரு மில்லி நொடி அளவுக்கு ஒரு குறுகிய ஒலித்துடிப்பைக் கீழ்நோக்கி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு மீன் இருந்தால், ஒலி போய்வர ஏழில் ஒரு பங்கு நொடி ஆகும். நேரத்தை வைத்து ஆழமும், திரும்பிய ஒலியின் வலிமையை வைத்து அங்கிருப்பதன் அளவும் கணிக்கப்படுகின்றன. கீழ்நோக்கிப் பார்க்கும் இவ்வகைச் சோனாரை எக்கோ சவுண்டர் என்பார்கள். நம் கடற்கரை விசைப்படகுகளில் ஆழம் பார்க்கவும் மீன் தேடவும் வைத்திருக்கும் பெட்டியும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். வேறுபாடு என்னவென்றால், ஆய்வுக் கப்பலில் உள்ள கருவி மீனைக் காட்டுவதோடு நிற்பதில்லை. திரும்பி வந்த ஒலியைத் துல்லியமான எண்ணாக அளந்து கொடுக்கிறது.

இந்த எண்ணம் புதியதல்ல. நார்வேயின் ஆஸ்கார் சுண்ட் என்ற ஆய்வாளர், லோஃபோட்டன் தீவுகளை ஒட்டிய கடலில் காட் மீன்திரள்கள் எக்கோ சவுண்டர் தாளில் பதிந்த படத்தை 1935-இல் வெளியிட்டார். அதுவரை கடலின் ஆழத்தை அளப்பதற்கென்றே இருந்த கருவி, அன்றிலிருந்து மீனை அளக்கும் கருவியாகவும் மாறத் தொடங்கியது.

மீன் ஏன் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது? மீனின் தசை அடர்த்தியில் ஏறக்குறைய கடல்நீரை ஒத்தது. ஆகவே ஒலி பெரும்பாலும் அதனூடே கடந்து போய்விடும். ஆனால் பல மீன்களின் வயிற்றுக்குள், நீரில் மிதப்பைச் சரிசெய்துகொள்ள ஒரு காற்றுப்பை இருக்கிறது. கூறல், கத்தாழை மீன்களை அறுக்கும்போது எடுத்து நல்ல விலைக்கு விற்கும் நெட்டி என்பது இந்தப் பைதான். நீருக்கும் வளிக்கும் இடையிலான எல்லை ஒலிக்கு ஒரு சுவர் போன்றது. காற்றுப்பை உள்ள மீனிலிருந்து திரும்பும் ஒலியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்தப் பையிலிருந்தே வருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருவியின் காதில், கடல் என்பது மிதந்துகொண்டிருக்கும் சிறுசிறு காற்றுப்பைகளின் கூட்டம். காற்றுப்பை இல்லாத அட்லாண்டிக் கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் அதே கருவிக்கு மிக மங்கலாகவே தெரிகின்றன.

ஒலியின் அதிர்வெண்ணும் முக்கியம். பொல்லாக் ஆய்வில் அளவீட்டுக்கு அடிப்படையாக இருப்பது 38 கிலோஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள கிரில் என்ற இறாலின உயிரி அந்த அலைக்குச் சிறிய தூசிபோல் இருப்பதால் மிகக் குறைவாகவே எதிரொலிக்கும். அதே கிரில், அலைநீளம் ஒன்றேகால் சென்டிமீட்டரே உள்ள 120 கிலோஹெர்ட்ஸில் தெளிவாகப் புலப்படும். பொல்லாக்கோ இரண்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிக்கும். ஆகவே ஒரே நேரத்தில் 18, 38, 70, 120, 200 கிலோஹெர்ட்ஸ் என ஐந்து அதிர்வெண்களில் கேட்டு ஒப்பிடும்போது, திரையில் தெரியும் ஒரு படலம் மீனா கிரிலா என்று பெருமளவுக்குப் பிரித்துவிட முடிகிறது. பெருமளவுக்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே வகைக் காற்றுப்பையுள்ள இரண்டு மீனினங்களை ஒலியை மட்டும் கொண்டு பிரிப்பது பெரும்பாலும் இயலாத காரியம்.

கப்பல் எப்படிப் பயணம் செய்கிறது என்பதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. வரைபடத்தில் ஒன்றுக்கொன்று 20 கடல் மைல் இடைவெளியில், அதாவது 37 கிலோமீட்டர் இடைவெளியில், இணைகோடுகள் போடப்படுகின்றன. வயலை உழுபவர் சால் மாற்றித் திரும்புவதுபோல, கப்பல் ஒரு கோட்டின் வழியே போய் அடுத்த கோட்டின் வழியே திரும்பும். மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் போகும்போது, ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்பு என்றால், ஒவ்வொரு ஆறு மீட்டருக்கும் ஒரு தூண் நீர் அளக்கப்படுகிறது. ஒலிக்கற்றையின் அகலம் 7 பாகை. நூறு மீட்டர் ஆழத்தில் அது சுமார் 12 மீட்டர் குறுக்களவுள்ள வட்டமாக விரியும். 37 கிலோமீட்டரில் 12 மீட்டர் என்பது மூவாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய கீற்றைப் பார்த்து முழுக் கடலையும் மதிப்பிடுவது முதலில் கேட்கும்போது துணிச்சலாகத் தோன்றும். ஆனால் பொல்லாக் திரள்கள் பல பத்துக் கடல் மைல் பரப்பில் படிப்படியாக அடர்ந்தும் தேய்ந்தும் செல்வதால், ஒரு கோட்டில் கண்டதற்கும் அடுத்த கோட்டில் காண்பதற்கும் இடையில் ஒரு தொடர்பு இருக்கிறது. ஆய்வின் பிழை எவ்வளவு என்பதையே அந்தத் தொடர்பிலிருந்து கணிக்கிறார்கள். இரவில் பொல்லாக் தன் பகல்நேரத் திரளைக் கலைத்துப் பரவிவிடுவதால், கணக்கில் சேரும் ஒலி அளவீடு பகலில் மட்டுமே எடுக்கப்படுகிறது. வடகோடியின் கோடைப் பகல் நீளமானது என்பது இந்த ஆய்வுக்குக் கிடைத்த ஒரு பேறு.

இனி, திரும்பி வந்த ஒலி எப்படி டன்னாக மாறுகிறது என்று பார்ப்போம். முழு முறையின் உயிர்நாடியும் இந்தக் கணக்குதான் என்பதால், சற்றுப் பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு மீனுக்கும் ஓர் எதிரொலிப் பரப்பு உண்டு. அது மீனின் உடற்பரப்பு அல்ல. அந்த மீன் ஒலிக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதன் அளவு. பொல்லாக்கை உயிரோடு அளந்து கண்டறிந்த சமன்பாட்டின்படி, 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மீனுக்கு 38 கிலோஹெர்ட்ஸில் இந்தப் பரப்பு சராசரியாக 1 சதுர சென்டிமீட்டர். நீளம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே 40 சென்டிமீட்டர் மீனுக்கு 4 சதுர சென்டிமீட்டர். மீன்கள் பலவாகச் சேர்ந்திருக்கும்போது அவற்றின் எதிரொலிகள் வெறுமனே கூடுகின்றன என்பது ஆய்வுக்கூண்டுகளில் சோதித்து உறுதி செய்யப்பட்டிருக்கிறது. இந்தக் கூட்டல் விதி இல்லாவிட்டால் திரளாக நிற்கும் மீனை எண்ணவே முடியாது, ஏனென்றால் திரளுக்குள் தனித்தனி மீன் தெரிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு சதுரக் கடல் மைல் பரப்பிலிருந்து திரும்பிய மொத்த எதிரொலிப் பரப்பு 40 சதுர மீட்டர் என்று கருவி சொல்கிறது. அங்கிருப்பவை எல்லாம் 40 சென்டிமீட்டர் மீன்கள் என்றால், 40 சதுர மீட்டரை 4 சதுர சென்டிமீட்டரால் வகுக்க, ஒரு லட்சம் மீன்கள். எல்லாம் 20 சென்டிமீட்டர் மீன்கள் என்றால் நான்கு லட்சம். எண்ணிக்கையே நான்கு மடங்கு மாறிவிட்டது. எடையோ எதிர்த்திசையில் மாறும். மீனின் எடை ஏறத்தாழ நீளத்தின் கனத்தைப் பொறுத்தது. நீளம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகும். 40 சென்டிமீட்டர் மீன் அரைக் கிலோ என்று கொண்டால், ஒரு லட்சம் மீன் 50 டன். நான்கு லட்சம் சிறு மீன் 25 டன். கருவி கேட்ட ஒலி இரண்டு நிலையிலும் ஒன்றேதான். கடலில் இருப்பதோ ஒன்றில் 50 டன் முதிர்ந்த மீன், மற்றொன்றில் 25 டன் இளம் மீன். கோடுகளுக்கு இடையே 20 கடல் மைல் இருப்பதால், பாதையின் ஒவ்வொரு கடல் மைலும் 20 சதுரக் கடல் மைலுக்குப் பிரதிநிதி. ஆகவே அந்த வேறுபாடும் இருபதால் பெருகி, ஆயிரம் டன்னா ஐந்நூறு டன்னா என்று போய் நிற்கும். ஒலியை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் இந்தக் குழப்பம் தீராது. மீனின் நீளம் தெரிய வேண்டும். அதற்குத்தான் வலை.

ஆஸ்கார் டைசனில் இதற்காக இறக்கப்படுவது நடுநீர் இழுவலை. தரையைத் தொடாமல், திரள் நிற்கும் ஆழத்திலேயே அது இழுக்கப்படும். இழுவலையின் வாயை விரித்துப் பிடிப்பவை இருபுறமும் கட்டிய பெரிய பலகைகள். நீர் அவற்றைத் தள்ளும் விசையால் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்லும். முன்பகுதியில் கண்ணிகள் மிகப் பெரியவை. பின்னே போகப்போகச் சிறுத்து, மீன் சேரும் மடியில் மிகச் சிறியவையாகின்றன. ஆய்வாளர் திரையைப் பார்த்துக்கொண்டே வருவார். படலத்தின் தன்மை மாறினால், அல்லது முன்பு கண்டிராத ஒரு வடிவம் தோன்றினால், கப்பலைத் திருப்பி அந்த இடத்தில் வலையை இறக்கச் சொல்வார். நீண்ட நேரம் இழுக்க வேண்டியதில்லை. தேவை நிறைய மீன் அல்ல, திரளின் கலவையை நேர்மையாகக் காட்டும் ஒரு மாதிரி.

வலை மேல்தளத்துக்கு வந்ததும் பிடிப்பு இனவாரியாகப் பிரிக்கப்பட்டு எடைபோடப்படுகிறது. சில நூறு பொல்லாக் மீன்களின் நீளம் அளக்கப்படும். அவற்றில் ஒரு பகுதியை அறுத்து, ஆணா பெண்ணா, சினை முதிர்ந்திருக்கிறதா, எடை என்ன என்று பார்த்து, தலைக்குள்ளிருந்து செவிக்கற்களை எடுத்து வைப்பார்கள். மீனின் உட்செவியில் இருக்கும் இந்தச் சிறு சுண்ணக் கல்லில், மரத்தின் குறுக்குவெட்டில் தெரிவதுபோல, ஆண்டுக்கு ஒரு வளையம் படியும். கரைக்குத் திரும்பியபின் ஆய்வுக்கூடத்தில் உருப்பெருக்கியின் கீழ் வளையங்களை எண்ணி வயதைக் காண்பார்கள். வயது ஏன் வேண்டும் என்றால், மொத்த எடை ஒன்றாக இருந்தாலும், ஒரே ஆண்டில் பிறந்த ஒரு பெருந்திரளை நம்பி நிற்கும் மீன்வளமும், பல வயது மீன்கள் கலந்திருக்கும் மீன்வளமும் அடுத்த சில ஆண்டுகளில் முற்றிலும் வேறு வழிகளில் போகும்.

வலையின் சாட்சியும் முழுமையானதல்ல. முன்பகுதியின் பெரிய கண்ணிகள் வழியாகச் சிறிய மீன்கள் தப்பிவிடும். மடியில் கிடைத்ததை மட்டும் பார்த்தால், கடலில் பெரிய மீனே மிகுதி என்ற தவறான எண்ணம் உண்டாகும். மேலே பார்த்த கணக்கின்படி, நீளத்தில் நேரும் இந்தச் சாய்வு அப்படியே டன் கணக்கிலும் ஏறிவிடும். இதைத் திருத்துவதற்காக வலையின் வெளிப்புறத்தில் சிறு பைகளைத் தைத்து, தப்பும் மீன்களின் நீளத்தையும் எண்ணிக்கையையும் அளந்திருக்கிறார்கள். வலைக்குள் இரட்டைக் கேமராவைப் பொருத்தி, கடந்து செல்லும் ஒவ்வொரு மீனையும் இரண்டு கோணத்திலிருந்து படமெடுத்து நீளம் காணும் முறையும் வந்திருக்கிறது. இழுவையின் எந்த நிமிடத்தில், எந்த ஆழத்தில் எந்த மீன் நுழைந்தது என்பது அதில் தெரியும். மடியில் எல்லாம் கலந்து கிடக்கும்போது அந்தச் செய்தி தொலைந்துபோகிறது.

கருவி சொல்லும் எண்ணை நம்பலாமா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. இம்முறையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். ஆய்வின் தொடக்கத்திலும் முடிவிலும் கப்பல் அலாஸ்காவின் டச்சு ஹார்பர் போன்ற துறைமுகத்தை அடுத்த அமைதியான ஒரு குடாவில் நங்கூரமிட்டு நிற்கும். மூன்று நரம்புக் கயிறுகளில் கட்டிய ஓர் உலோக உருண்டை, கப்பலின் அடியில் ஒலிக்கற்றையின் நடுவில் தொங்கவிடப்படும். டங்ஸ்டன் கார்பைடால் செய்த, 38.1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அந்த உருண்டை எவ்வளவு எதிரொலிக்க வேண்டும் என்பது இயற்பியல் கணக்கால் துல்லியமாகத் தெரியும். கருவி அந்த எண்ணைக் காட்டாவிட்டால், காட்டும்வரை அளவு திருத்தப்படும். ஒரு கடைக்காரர் தன் தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்ப்பதற்கு இது நிகர். 1994-இல் ஒரு கப்பல் அளந்ததையும் 2022-இல் வேறொரு கப்பல் வேறொரு கருவியால் அளந்ததையும் ஒரே வரைபடத்தில் வைத்து ஒப்பிடும் உரிமையை இந்தச் சிறு உருண்டைதான் தருகிறது.

ஒலிக்குக் குருட்டுப் பகுதிகளும் உண்டு. கருவி கப்பலின் அடிப்புறத்தில் இருப்பதால், அதற்கு மேலே உள்ள நீர் அதற்குத் தெரியாது. கடலடித் தரையின் எதிரொலி மீனின் எதிரொலியைவிட மிக வலிமையானது என்பதால், தரையை ஒட்டி நிற்கும் மீனின் ஒலி அதற்குள் மூழ்கிவிடும். பொல்லாக் விஷயத்தில் இது சிறிய குறையல்ல. வயது முதிர்ந்த மீன்கள் தரையை நெருங்கியே வாழ விரும்புகின்றன. அந்தக் குறையை நிரப்புவது இரண்டாவது ஆய்வு. ஒரே வகைத் தரை இழுவலையைக் கொண்டு 1982 முதல் ஒவ்வொரு கோடையிலும், 2020 ஒன்று நீங்கலாக, அதே மையம் நடத்திவரும் ஆய்வு இது. கண்டத்திட்டு 20 கடல் மைல் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, நீண்டகாலமாக 376 நிலையங்கள் குறிக்கப்பட்டிருந்தன. வாடகைக்கு எடுத்த மீன்பிடிக் கப்பல்கள் ஒவ்வொரு நிலையத்திலும் மணிக்கு 3 கடல் மைல் வேகத்தில் 30 நிமிடம் வலையை இழுக்கும். வலை விரியும் அகலம் சுமார் 17 மீட்டர். கடக்கும் தூரம் சுமார் 2.8 கிலோமீட்டர், ஆகவே ஒருமுறை வாரும் பரப்பு ஏறத்தாழ 4.7 ஹெக்டேர். பிடித்த எடையை அந்தப் பரப்பால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

இங்கே அனுபவமிக்க ஒரு கப்பல் தலைவருக்குக் கடினமான நிபந்தனை ஒன்று விதிக்கப்படுகிறது. வலையை எப்படி மாற்றினால் இன்னும் நிறைய விழும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் மாற்றக் கூடாது. சற்றுத் தள்ளி இழுத்தால் நல்ல பிடிப்பு என்பதும் தெரியும். ஆனால் குறித்த இடத்தில்தான் இழுக்க வேண்டும். வலை தன் பாதையிலுள்ள எல்லா மீனையும் பிடிப்பதில்லை, சில அடியில் நழுவும், சில மேலே எழும்பித் தப்பும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அதே விகிதத்தில் தப்புமானால், ஏற்ற இறக்கம் உண்மையாகவே தெரியும். வலையைச் சிறப்பாக்கினால் அந்த விகிதம் மாறி, நாற்பதாண்டுத் தொடர் அறுந்துவிடும்.

கப்பலின் இரைச்சலால் மீன் விலகிப் போனால் என்ன ஆகும் என்ற கவலையும் நீண்டகாலமாக இருந்தது. ஆஸ்கார் டைசன் அதனாலேயே மிகக் குறைந்த இரைச்சலோடு ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. முன்னர் இந்த ஆய்வைச் செய்த மில்லர் ஃப்ரீமன் என்ற கப்பலோடு சேர்த்து ஓட்டி ஒப்பிட்டபோது, கிழக்குப் பெரிங் கடலின் கோடைக்கால ஆய்வில் இரண்டும் கேட்ட பொல்லாக் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. நார்வேயில் ஹெர்ரிங் மீனை வைத்து நடத்தி 2007-இல் வெளியான ஒப்பீடு இன்னும் வியப்பானது: ஜி. ஓ. சார்ஸ் என்ற அமைதியான கப்பலைக் கண்டுதான் மீன்கள் அதிகம் மிரண்டன. இரைச்சல் குறைந்தால் மிரட்சியும் குறையும் என்று எல்லாரும் நம்பியிருந்த ஒன்றைச் சோதித்துப் பார்த்து, முடிவு எதிராக வந்தபோது அதை அப்படியே எழுதி வைத்த நேர்மை பாராட்டுக்குரியது.

இத்தனை உழைப்பின் விளைவு எங்கே போய்ச் சேர்கிறது? ஒலி ஆய்வு, தரை இழுவை ஆய்வு, மீன்பிடிக் கப்பல்களின் பிடிப்புக் கணக்கு, செவிக்கல் வயதுகள் ஆகிய அனைத்தும் ஒரு கணித மாதிரிக்குள் செல்கின்றன. அதன் முடிவைக் கொண்டு வட பசிபிக் மீன்வள மேலாண்மைக் குழு டிசம்பரில் கூடி அடுத்த ஆண்டுக்கான பிடிப்பு வரம்பை நிர்ணயிக்கிறது. 2000-க்குப் பின் தொடர்ந்து சில ஆண்டுகள் பிறந்த குஞ்சுகள் குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டின. 2006-இல் சுமார் 14.9 லட்சம் டன்னாக இருந்த வரம்பு 2009-இல் 8.15 லட்சம் டன்னாகவும், 2010-இல் 8.13 லட்சம் டன்னாகவும் இறக்கப்பட்டது. பின்னர் 2006, 2008 ஆண்டுகளில் பிறந்த வலுவான திரள்கள் ஆய்வில் தெரிந்ததும், 2011-இல் வரம்பு மீண்டும் 12.5 லட்சம் டன்னைத் தாண்டியது. ஏறக்குறைய பாதியாகக் குறைப்பது எந்தத் தொழிலுக்கும் பெரும் வலி. எண்களின்மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரும் அதற்கு உடன்படமாட்டார்கள்.

அதே கடலின் நடுப்பகுதியில் வேறொரு கதை நடந்தது. அமெரிக்க, ரஷ்ய எல்லைகளுக்கு இடையில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டுக் கடல் இருக்கிறது. அங்கே 1989-இல் பல நாட்டுக் கப்பல்கள் 14 லட்சம் டன் அளவுக்குப் பொல்லாக் பிடித்தன. சில ஆண்டுகளிலேயே அது சரிந்தது. அந்த மீன் முட்டையிட வரும் போகோஸ்லோஃப் தீவுப் பகுதியில் ஒலிவழி ஆய்வு 1988-இல் சுமார் 24 லட்சம் டன் என்று அளந்திருந்தது. 2012-இல் அதே ஆய்வு அளந்தது சுமார் 67 ஆயிரம் டன். 1994-இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், தென் கொரியா, சீனா, போலந்து ஆகிய ஆறு நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம், அந்த வளம் 16.7 லட்சம் டன்னை எட்டினாலன்றி அங்கே மீன்பிடிப்பு இல்லை என்று வரையறுத்தது. நாடுகளின் கப்பல்கள் போகலாமா கூடாதா என்பதைத் திரும்பி வரும் எதிரொலியின் அளவு தீர்மானிக்கும் நிலை அது. அந்த வரம்பு இன்னும் எட்டப்படவில்லை.

வெப்பமண்டலக் கடல்களில் இம்முறை இன்னும் கடினமாகிறது. பெரிங் கடலின் நடுநீரில் பொல்லாக் ஒன்றே பெரும்பான்மை. இழுவலையைக் கொட்டினால் பெரும்பாலும் ஒரே இனம் கிடைக்கும். நம் பக்கத்துக் கடல்களில் சாளை, காரல், நெத்திலி, கானாங்கெளுத்தி எனப் பல இனங்கள் சிறுசிறு திரள்களாகக் கலந்து வாழ்கின்றன. ஒரே எதிரொலியைப் பல இனங்களுக்குப் பங்கிட வேண்டியிருப்பதால், வலையின் மாதிரியில் நேரும் சிறு பிழையும் கணக்கில் பெரிதாகிவிடும். அப்படியிருந்தும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஐக்கிய நாடுகளின் கொடியோடு, அதன் உணவு, வேளாண்மை நிறுவனத்தின் திட்டத்துக்காகச் செல்லும் டாக்டர் ஃப்ரிட்ஜாஃப் நான்சென் என்ற பெயருடைய நார்வே ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கையைச் சுற்றியுள்ள கடலை ஒலியாலும் இழுவலையாலும் அளந்தது. அதே பெயரில் கட்டப்பட்ட புதிய கப்பல் 2018-இல் மீண்டும் அங்கே வந்தது. இடையில் நாற்பதாண்டுகள் ஓடிவிட்டன. பெரிங் கடலில் ஈராண்டுக்கு ஒருமுறை நடப்பதை நினைத்தால், நம் கடல்களுக்கு எவ்வளவு குறைவான கவனம் கிடைக்கிறது என்பது மனத்தை உறுத்துகிறது.

வலை இல்லாமல் ஒலியை மட்டும் கொண்டு ஆய்வு நடத்த நேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் ஒருமுறை உண்மையிலேயே சோதிக்கப்பட்டுவிட்டது. 2020-இல் கொரோனா பெருந்தொற்றால் ஆய்வுக் கப்பல்கள் கடலுக்குப் போகவில்லை. அப்போது கலிஃபோர்னியாவிலிருந்து செயில்ட்ரோன் எனப்படும் ஆளில்லாப் படகுகள் மூன்று புறப்பட்டு, பெருங்கடலைக் கடந்து பெரிங் கடலை அடைந்தன. காற்றால் உந்தப்பட்டு, சூரிய மின்சாரத்தால் கருவிகளை இயக்கும் அவை, பொல்லாக் ஆய்வுக் கோடுகளின் வழியே 38, 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பிக் கேட்டுத் திரும்பின. ஆனால் அவற்றால் ஒரு மீனைக்கூடப் பிடித்து அளக்க முடியாது. ஆகவே ஆய்வாளர்கள் முந்தைய ஆண்டுகளின் பதிவுகளுக்குத் திரும்பிச் சென்று, இவ்வளவு ஒலி கேட்டபோது வலையின் துணையோடு இவ்வளவு டன் என்று கணக்கானது என்ற தொடர்பை எடுத்து, அதன் வழியே 2020-இன் ஒலியை டன்னாக மாற்றினார்கள். மீன்களின் நீளக் கலவை அந்த ஆண்டு மட்டும் வழக்கத்துக்கு மாறாக இருந்திருந்தால் அது இக்கணக்கில் தெரிந்திராது என்பதால், அந்த மதிப்பீட்டுக்குக் கூடுதலான பிழை எல்லையும் சேர்த்தே தரப்பட்டது. 2022 கோடையில் ஆஸ்கார் டைசன் மீண்டும் அதே கோடுகளில் சென்று, தன் வலையை இறக்கியது.